தப்பி வந்த வரன்

எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த இடத்தில் பைத்தான் என்ற மொழியின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். "பாம்பெல்லாம் எதுக்குங்க மேடம்? விசுவல் பேசிக் படிச்சீங்கன்னா நாளைக்கே வேலைங்க," என்றார் வகுப்பு எடுத்தவர். என்னைவிட அவர் வயதில் ரொம்பச் சின்னவர். எனக்கு வேலை இருக்கிறது ஐயா, சந்தேகம்தான் தீரவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் அந்த மொழி தெரிந்த வேறு யாராவது இருந்திருக்கலாம். என் கண்ணில் ஒருத்தரும் படவில்லை.

நான் வேலை பார்த்தது காந்திபுரத்தில், ஒரு மாடியில் இருந்த திருமணத் தகவல் மையத்தில். நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவர் அக்கா. வரன் தேடி வருகிறவர்களை அக்கா தன் அறையில் உட்காரவைத்து, எந்த ஊர், தோட்டம் எவ்வளவு, எந்தக் கூட்டம், குலதெய்வம் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொள்வார். சாயங்காலம் ஒரு கல்லூரிப் பெண் வந்து அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போவாள். முன்னறையில் ஆட்களை உட்காரவைப்பதும், ஃபோன் எடுப்பதும், யாருக்கு யார் பொருந்துவார்கள் என்று தேடி எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களில் ஜாதகத்துக்கும் முன்னால் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று பார்ப்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. முன்பின் பார்த்தே இராத ஆளாக இருக்கட்டும், ஊர் எந்த மூலையிலும் இருக்கட்டும், ஒரே கூட்டத்துப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கைதான். அங்கே கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதில் யாரும் வாதம் பண்ணுவதில்லை. நானும் பண்ணியதில்லை.

இந்தத் தேடலை ஒரு கம்ப்யூட்டர் நிரலாக எழுதிவிட வேண்டும் என்பது என் ஆசை. கணிதத்தில் பட்டம் வாங்கியவள், சி மொழி கொஞ்சம் படித்திருந்தேன். அதில் ஒரு ஆளின் பெயரை வாங்கி வைத்துக்கொள்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பைத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தேன். இரண்டே வரிதான் எழுதினேன், மாப்பிள்ளைகள் பெயரெல்லாம் கடகடவென்று திரையில் ஓடின. அட, இதென்ன இவ்வளவு சல்லிசாக இருக்கிறதே என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு அறையில் யாரும் இல்லை.

சல்லிசெல்லாம் கொஞ்ச நாள்தான். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடு என்று எழுதினேன். அது மையத்தில் இருந்த அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்து நீட்டியது. இருபத்து நாலு வயதுப் பையனும் முப்பதைத் தாண்டியவன் என்று சாதித்தது. முப்பதைத் தாண்டிய எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது என்று வையுங்கள். ஆனால் ஏன் இப்படி என்று கேட்க ஆள் வேண்டுமே! வகுப்புக்காரரிடம் போனால் பாம்பு என்பார். அக்காவிடம் சொன்னால், "பொட்டியை ஆஃப் பண்ணிப்போட்டுக் கையில தேடு கண்ணு," என்பார். விடுதியில் என் அறைத்தோழி ஒரு நர்ஸ். அவள் வந்தால் தூங்குவாள், எழுந்தால் ஓடுவாள். நான் பேசுவதற்கு வாயைத் திறப்பதற்குள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள், பாவம்.

அந்தச் சிடியிலேயே ஒரு குறிப்பு இருந்தது. புதிதாகப் படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு, எழுதினால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது யாராவது பதில் போடுவார்கள் என்று. கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். மரியாதைக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. என் நிரல் தப்பாக நடக்கிறது, தயவுசெய்து உதவுங்கள் என்று முடித்தேன். நிரலை அனுப்பவே இல்லை. அனுப்ப வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நம் வீட்டுக் குப்பையைக் கூட்டி எடுத்துப் போய் முன்பின் தெரியாதவர் வாசலில் கொட்டுவதா? எங்கள் பக்கத்தில் அப்படிப் பழக்கம் கிடையாது.

மறுநாள் பதில் வந்திருந்தது. வெளியே பனி கொட்டுகிறது என்று ஒரு வரி இருந்ததால் எழுதியவர் குளிர்தேசத்து ஆள் என்று மட்டும் புரிந்தது. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். நீங்கள் எழுதியது என்ன? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? நடந்தது என்ன?

அந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வயதுவரை என்னிடம் யாரும் நீ என்ன எதிர்பார்த்தாய் என்று கேட்டதில்லை. பொறுத்துக்கோ என்பார்கள், எல்லாம் நேரம் என்பார்கள், தலையெழுத்து என்று உச்சுக் கொட்டுவார்கள். அடப் பாவி மனுஷா, இதைப் போய் ஒரு கம்ப்யூட்டர் கணக்குக்குக் கேட்கிறாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிரலை முழுசாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். விஷயம் சின்னதுதான். கோப்பிலிருந்து படித்த வயது எண்ணாக வரவில்லை, வெறும் எழுத்தாக வந்திருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் அந்த மொழி கண்ணை மூடிக்கொண்டு எழுத்துத்தான் பெரிது என்று சொல்லிவிடும். எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள் என்று பதில் வந்தது. மாற்றினேன். சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் நான் அடிக்கடி எழுதினேன். பாதிச் சந்தேகத்துக்கு எனக்கே விடை தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுவேன். என்னைக் கேலி பண்ணிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு ஒருத்தர் பதில் போடுகிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

என் வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பா படுக்கையில் விழுந்த வருஷங்களில் வந்த வரன்களையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார்கள். அப்பா போனதும் தம்பிக்கு நல்ல இடம் அமைந்தது, தள்ளக்கூடாது என்று முடித்தார்கள். அதற்கப்புறம் என்னைக் கேட்டு வந்தவர்கள் வயதைக் கேட்டதும் காப்பியை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்தார்கள். நான் விடுதிக்கு வந்தேன். தோட்டத்தில் யானை புகுந்து வாழையை மிதித்துவிட்டுப் போனால் தம்பி அன்றைக்கே ஃபோன் பண்ணி ஒரு பாட்டம் புலம்புவான். ஏண்டா, எனக்கு எங்காவது சொல்லி வைத்தாயா என்றால், "பாக்கலாங்க்கா," என்று வைத்துவிடுவான். யானைக்கு இருந்த மரியாதைகூடக் கூடப் பிறந்த அக்காவுக்கு இல்லை.

ஒருநாள் என் விவரத்தையும் நானே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மையத்து அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஊருக்கே மாப்பிள்ளை தேடுகிற மகராசிக்கு, எதிரில் நாள் பூராவும் ஒருத்தி கழுத்தில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? மேசை நாற்காலியை யார் பார்க்கிறார்கள்?

அந்த ஆவணியில் ஒரு நாள் நெற்றி நிறையத் திருநீறோடு இரண்டு பேர் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு, வந்த வேகத்தில் இருவருமே வரன் பதிந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். இளையவர் ஓயாமல் பேசினார். அவர் அக்காவின் அறைக்குள் போனதும் மூத்தவர் என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பதாகச் சொன்னார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கோயில் பூ ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பொட்டி எங்களைத் தேடுமுங்களா, இல்ல நாங்க இதைத் தேடி வரோணுமுங்களா?" என்று கேட்டார்.

"நீங்க வர வேண்டாமுங்க. அதுவே தேடும்."

"அப்பச் சரிங்க. எனக்குன்னு தேடறதுக்கு ஊட்டுல ஆள் இல்லீங்க. இதாவது தேடட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் மேசையைக் காட்டி, "டீ ஆறிப்போச்சுங்களே, முதல்ல குடியுங்க," என்றார். அந்த மேசையில் என் டீ தினமும் ஆறித்தான் போகும். யாரும் சொன்னதில்லை. நான் எடுத்துக் குடித்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது, ஆனாலும் முழுசையும் குடித்தேன்.

அடுத்த சில வாரங்களில் என் நிரல் வளர்ந்தது. வயது பார்த்தது, படிப்பு பார்த்தது, நட்சத்திரப் பொருத்தம் பார்த்தது. கடைசியாகக் கூட்டம் பார்க்கும் பகுதியை எழுதினேன். வரன்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போ, தேடுகிறவருடைய கூட்டமாக இருந்தால் அந்த ஆளை வரிசையிலிருந்து எடுத்துவிடு. இவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தேன், எடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி மையத்துக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

அன்றைக்கு அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பதிவு எண்ணைக் கொடுத்து ஓட்டினேன். முப்பத்திரண்டு வயதுப் பெண் பரவாயில்லை என்று சொன்ன மாப்பிள்ளைகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் நட்சத்திரம் கழித்து, கூட்டம் கழித்து, திரையில் ஒரே ஒரு வரி நின்றது. பெயரெல்லாம் வராது. பதிவு எண், வயது, ஊர், தொழில். காங்கேயம், எண்ணெய் ஆலை.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மறுபடி ஓட்டினேன். அதே வரி. முழு விவரத்தையும் திறந்து பார்த்திருக்கலாம்தான். எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்க வேண்டியதையெல்லாம் பார்ப்பதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டு நிரல் எழுதியிருக்கிறேன்? பதிவு எண்ணைக்கூட எழுதி வைக்கவில்லை, அது மனசிலேயே நின்றது.

அந்த ஒரு வாரம் நான் நானாக இல்லை. பஸ் ஸ்டாண்டில் காங்கேயம் என்று போர்டு போட்ட பஸ்ஸைக் கண்டால் காரணமில்லாமல் நின்றேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கண்ணாடியில் எனக்கே வெட்கமாக இருந்தது. "என்னங்க்கா, தனியாச் சிரிக்கறீங்க?" என்று அறைத்தோழி போர்வையை விலக்கிக் கேட்டாள். அவளே கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன். வெள்ளிக்கிழமை அக்காவிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சோமனூர்க்காரர் வந்துவிட்டார். விசைத்தறி வைத்திருப்பவர். அவர் பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது, நான்தான் நிரலை ஓட்டி, முதலில் நின்ற வரனை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தேன். படியேறி வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கண்ணாலம் பண்ணி வெக்கறதுதான் இங்க தொழிலுங்களா?" என்றார். கோபத்திலும் ங்க போகவில்லை. "நீங்க குடுத்த எடத்துக்குப் போயி, உக்காந்து, காப்பி குடிச்சு, எந்தக் கூட்டமுங்கன்னு கேட்டா, என்ற கூட்டமேங்க! மாப்பிள்ளை பாக்கப் போயி என்ற பங்காளி பையனைப் பாத்துட்டு வந்திருக்கறனுங்க. ஊர்ல கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க!"

அக்கா அவரைச் சமாதானப்படுத்தி மோர் கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத பாரு கண்ணு. பங்காளி ஆரு, மாமன் மச்சான் ஆருன்னு பிரிக்கத் தெரியாத பொட்டி நமக்கெதுக்கு? ரெண்டு நாளுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டித் தூக்கி அக்கட்டால வெச்சுப்போடு."

எனக்கு அக்காவின் திட்டு உறைக்கவேயில்லை. சோமனூர்க்காரருக்கு ஒருத்தர் தப்பி வந்திருக்கிறார் என்றால், எனக்கு வந்த அந்த ஒரே ஆள்? விவரத்தைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். திறக்கவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான். நிரலைத்தான் திறந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கூட்டம் பார்க்கும் வரி சரியாகத்தான் இருந்தது. எடுத்துவிடு என்கிற வரியும் சரியாகத்தான் இருந்தது. எங்கே ஓட்டை என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

கிராஸ்கட் ரோட்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எழுதியது இது, எதிர்பார்த்தது இது, நடந்தது இது. அவசரம் என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். மறுநாள் சாயங்காலம் போனால் குளிர்தேசத்துக்காரர் பதில் போட்டிருந்தார்.

வரிசையில் நடந்துகொண்டே அதே வரிசையிலிருந்து ஆளை எடுக்கக்கூடாது என்று ஆரம்பித்து, பொறுமையாக விளக்கியிருந்தார். எனக்குப் பந்தி ஞாபகம் வந்தது. சாம்பார் வாளியோடு ஒருத்தர் இலை இலையாக வருகிறார். ஒரு ஆளை எழுப்பிவிடுகிறார். அடுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு இலை நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். வாளிக்காரர் அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். எழுந்தவர் இடத்துக்கு நகர்ந்து வந்தாரே, அந்த ஒருத்தரை அவர் பார்க்கவே இல்லை. என் நிரலும் அப்படித்தான். ஒரே கூட்டத்து ஆட்கள் இருவர் அடுத்தடுத்து இருந்தால், முதல் ஆளை எடுத்துவிடும், இரண்டாவது ஆளைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். வரிசையின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தால் போதும், அதற்கு [:] என்று வரிசையின் பெயருக்குப் பின்னால் போட்டால் சரியாகிவிடும் என்றார். கடைசியில் ஆச்சரியமாக ஒரு வரி. ஒரே குலத்தவர் இருவர் அடுத்தடுத்து வந்தால்தானே இந்தத் தப்பு வெளியே தெரியும், அது அபூர்வமாயிற்றே, உங்களுக்கு எப்படி இத்தனை சீக்கிரம் மாட்டியது?

அபூர்வமா! அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் பங்காளிகள் தனித்தனியாக எங்கே போகிறார்கள்? சேர்ந்து கோயிலுக்குப் போவார்கள், சேர்ந்து பொங்கல் வைப்பார்கள், அதே கையோடு சேர்ந்து வந்து அடுத்தடுத்த எண்ணில் வரன் பதிவார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு. ஒரே ஜீப்பில். இளையவர் முதலில் உள்ளே போவார். மூத்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறிப்போச்சுங்களே என்பார்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஒரு பையன் அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரில் மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்து, துணிக்கடைகளுக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். அழுதேன். கிராஸ்கட் ரோட்டில் சாயங்கால நெரிசலில் ஒருத்தி அழுதுகொண்டு போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் காலையில் அந்த மூன்று குறியைச் சேர்த்தேன். முதலில் சோமனூர்ப் பெண்ணுக்கு ஓட்டினேன். பங்காளி போய்விட்டார், மூன்று வரன்கள் சுத்தமாக வந்தன. இரண்டாவது வரியில் காங்கேயம், எண்ணெய் ஆலை. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் அச்செடுத்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்றையும் அச்செடுத்து அக்காவின் மேசையில் வைத்துவிட்டு வந்து, என் எண்ணைக் கொடுத்து ஓட்டினேன்.

வந்தது இதுதான்: []

ஒன்றும் இல்லை என்பதை அந்த மொழி அப்படித்தான் சொல்லும். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஆள் இல்லை. விடுதியில் என் கட்டில் அப்படித்தான் இருக்கும், ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் சுவர். சே, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளேயிருந்து அக்கா, "என்ன கண்ணு?" என்றார். பொட்டி சரியாகிவிட்டதுங்க அக்கா என்றேன்.

குளிர்தேசத்துக்காரருக்கு நன்றி எழுதினேன். ரொம்பச் சந்தோஷம், இப்போது எதிர்பார்த்தது வருகிறதா என்று கேட்டிருந்தார். வருகிறது என்று பதில் போட்டேன். பிறகு வெகுநாள் அந்தக் குழுவுக்கு நான் எழுதவில்லை.

ஐப்பசியில் காங்கேயத்துக்காரர் மறுபடி வந்தார், தனியாக. சோமனூர் இடம் படிந்துவிட்டது, பெண்ணைப் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்லி அக்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் ஒரு பை. "உங்க பொட்டி தேடிப்போட்டுதுங்க அம்மணி," என்றார். அக்கா அறையிலிருந்து, "பொட்டி எங்கீங்க தேடுச்சு? தேடுனது அந்தப் புள்ளைதானுங்க," என்றார். எப்போதும் சொல்லாத ஆள் அன்றைக்குப் பார்த்துச் சொன்னார்.

அவர் என்னைப் பார்த்தார். "அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"தொண்டாமுத்தூர்ப் பக்கமுங்க."

"எந்தக் கூட்டமுங்க?"

சொன்னேன். வேறு என்ன செய்வது?

அவர் முகம் மலர்ந்த மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "அட! நம்ம கூட்டமா? அப்ப நீ என்ற தங்கச்சியல்லோ! இத்தனை நாளா ஆரோன்னு நெனச்சு ங்க போட்டுப் பேசிட்டிருந்திருக்கறன் பாரு," என்று எழுந்தே நின்றுவிட்டார். "எனக்குக் கூடப் பொறந்தது ஆருமில்ல கண்ணு. இணைச்சீருக்கு ஆரைக் கூப்புடறதுன்னு ஒரே ரோசனையா இருந்துச்சு. நீ வந்து செஞ்சு குடுக்கோணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாத."

எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் செய்கிற சீர் அது. அது இல்லாமல் தாலிக்குப் போக மாட்டார்கள். கூடப் பிறந்தவள் இல்லாதவருக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி செய்வாள். என்னை யாரும் அதற்குக் கூப்பிட்டதில்லை. தம்பி கல்யாணத்தில்கூட, கல்யாணம் தள்ளிப்போனவள் எதற்கு என்று பெரியம்மா பெண்ணை உட்காரவைத்தார்கள். இதை அவரிடம் சொன்னேன், கல்யாணம் ஆகாதவள், பரவாயில்லையா என்று. "என்ற தங்கச்சி செஞ்சா என்ன கொறஞ்சுபோகுது?" என்று சண்டைக்கு வருகிற மாதிரி கேட்டார். சரிங்க, வாரனுங்க என்றேன்.

தை மாதம் காங்கேயத்தில் கல்யாணம். போர்டைப் பார்த்துப் பார்த்து நின்ற அந்தப் பஸ்ஸில்தான் போனேன். எனக்குப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தார்கள். யார் யாரோ வந்து தலை நிறையப் பூ வைத்துவிட்டார்கள், "மாப்பிள்ளை பொறந்தவ ஆரு, இவங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். சோமனூர்க்காரர் என்னைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, "பொட்டிக்காரம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கப்பா," என்று சத்தம் போட்டார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். மேளம் கொட்ட, மேடையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சேலையின் ஒரு முனையை அவர் பக்கமும் மறு முனையை என் பக்கமும் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அந்த ஒரு வாரத்தில் நான் எதை நினைத்துத் தனியாகச் சிரித்தேனோ, அது அப்படியே இருந்தது. மேளம், மாலை வாசனை, சேலை, பக்கத்தில் அவர். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "அண்ணனும் தங்கச்சியும் சித்தெ நெருங்கி உக்காருங்க," என்றார். நெருங்கி உட்கார்ந்தேன்.

அவர் தலையைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டார். "காலையிலயே வந்தயே, டீ குடிச்சயா கண்ணு?"

"குடிச்சனுங்கண்ணா," என்றேன். குடித்திருக்கவில்லை. அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கவும் இல்லை.